மலாவியில் ஒரு கிராமத்துக்குக் குடிநீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலாவி நாட்டின் நடுப்பகுதி மாவட்டங்களில் சில ஆண்டுகள் ஊரகக் குடிநீர்ப் பணியில் இருந்தேன். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் உறவினர்களும், பழைய மாணவர் சங்கத்து நண்பர்களும், ஆப்பிரிக்காவில் ஒரு கிணறாவது அமைத்துத் தர வேண்டும் என்று விரும்புகிறவர்களும் கேட்ட கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடமாகிவிட்ட பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஆப்பிரிக்கா 54 நாடுகள் கொண்ட கண்டம். அனைத்துக்கும் பொருந்தும்படி எழுத என்னால் இயலாது. ஆகவே மலாவியை முன்வைத்தே சொல்கிறேன். தேவைப்படும் இடங்களில் மட்டும் பக்கத்து நாடுகளைத் தொட்டுச் செல்கிறேன்.

மலாவி பாலைவன நாடா? தண்ணீரே இல்லாத ஊரில் போய் என்ன செய்வீர்கள்?

இல்லை. நாட்டின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை மலாவி ஏரிதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆப்பிரிக்காவின் ஏரிகளில் பரப்பளவில் அது மூன்றாவது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை நன்றாகவே மழை பெய்யும். மே முதல் அக்டோபர் வரை வறட்சிக் காலம். ஆக, அங்கே தண்ணீர் இருக்கிறது. குடிக்கத் தகுந்த தண்ணீர், வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தொலைவில், ஆண்டின் எல்லா மாதங்களிலும் கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

மக்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கிராமங்களில் வாழ்கிறார்கள். அந்தக் கிராமங்களும் நம்முடைய தெருக்களைப் போல நெருங்கி அமைந்தவை அல்ல. சோளக்காடுகளுக்கு நடுவே நான்கைந்து வீடுகளாகச் சிதறிக் கிடப்பவை. குழாய் போட்டு வீடுதோறும் தண்ணீர் கொடுப்பது ஏன் எளிதன்று என்பதற்கு இந்தச் சிதறலே பாதி விடை.

இப்போது அவர்கள் எங்கிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள்?

அடி பம்பு இல்லாத ஊர்களில், தாழ்வான சதுப்பு நிலத்தில் தோண்டிய குழியிலிருந்துதான். நம் ஊர் ஆற்று மணலில் தோண்டும் ஊற்றை நினைத்துக்கொள்ளுங்கள். மணலுக்குப் பதிலாகக் கருங்களிமண் என்று மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். விடியுமுன் வந்தவர்களுக்குத் தெளிந்த நீர் கிடைக்கும். குழியின் விளிம்பில் முழங்காலிட்டு, ஒரு சிறிய கிண்ணத்தால் மேலாக, அடிச்சேறு கலங்காமல் மொண்டு வாளியில் ஊற்ற வேண்டும். இருபது லிட்டர் வாளி நிறைய அரை மணி நேரம் பிடிக்கும். பத்தாவதாக வந்தவருக்குத் தேநீர் நிறத்தில்தான் கிடைக்கும். அதே குழியில் ஆடும் வாய் வைக்கும். மழைக் காலத்தில் மேட்டிலிருந்து வழிந்து வரும் அத்தனையும் அதற்குள் இறங்கும்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து வெளியிடும் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் 70 கோடிப் பேருக்கு அடிப்படைக் குடிநீர் வசதிகூட இல்லை; அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சகாராவுக்குத் தெற்கே வாழ்பவர்கள். அடிப்படை வசதி என்றால் என்ன என்று கேட்பீர்கள்: பாதுகாக்கப்பட்ட நீர்நிலைக்குப் போய், வரிசையில் நின்று, திரும்பி வர மொத்தம் முப்பது நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அவ்வளவே.

கண்ணுக்குத் தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர்தானே?

தெளிவு என்பது அழுக்கு இல்லை என்பதற்கு மட்டுமே சான்று. நோய் உண்டாக்கும் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாது; தெள்ளத் தெளிந்த நீரில் இலட்சக்கணக்கில் இருக்கலாம். ஆகவே மனித, விலங்குக் கழிவு கலந்திருக்கிறதா என்பதை அறிய ஈ.கோலை என்னும் நுண்ணுயிரைத் தேடுகிறோம். 100 மில்லிலிட்டர் நீரில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. நிலத்தடி நீரில் இரும்புச் சத்து அதிகமாக இருந்தால் தண்ணீர் காற்றுப் பட்டதும் செந்நிறமாகும், துணியில் கறை பிடிக்கும், வாயில் துரு வாடை அடிக்கும். உடலுக்கு அதனால் பெரிய தீங்கு இல்லை. ஆனாலும் பெண்கள் அந்தப் பம்பைக் கைவிட்டு மறுபடியும் பழைய குழிக்கே போவார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. சாப்பாடு நிறம் மாறினால் நம் வீட்டிலும் அதைத்தான் செய்வோம்.

அவ்வளவு பெரிய ஏரி இருக்கும்போது அதிலிருந்து குழாய் போடக் கூடாதா?

ஏரி தாழ்வில் இருக்கிறது. மக்கள் மேட்டில் இருக்கிறார்கள். ஏற்றி இறைக்க மின்சாரம் வேண்டும், சுத்திகரிப்பு நிலையம் வேண்டும், அதை நடத்த மாதாமாதம் பணம் வேண்டும். நகரங்களுக்கு இது கட்டுப்படியாகிறது. சிதறிய கிராமங்களுக்கு இன்னும் ஆகவில்லை.

மலையிலிருந்து தானாக இறங்கும் நீருக்கு இந்தச் செலவு இல்லை. 1960களின் இறுதியிலேயே முலாஞ்சே மலையடிவாரத்தில், மலையோடை நீரைக் குழாய் வழியாக ஊர்களுக்கு இறக்கும் திட்டத்தை மலாவி தொடங்கிவிட்டது. கால்வாய் வெட்டும் வேலையை ஊர் மக்களே செய்தார்கள். ஊரகக் குடிநீர் வரலாற்றில் பலரும் எடுத்துக்காட்டாகச் சொல்லும் திட்டம் அது. ஆனால் மலையும் வற்றாத ஓடையும் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. அவை இல்லாத இடத்தில் நிலத்தடி நீர்தான் வழி.

எங்கே போர் போடுவது என்று எப்படி முடிவு செய்வீர்கள்? தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பார்களா?

தேங்காய் அங்கே பார்க்கவில்லை. மலாவியின் பெரும்பகுதி மிகப் பழைய கடினப் பாறையின் மேல் இருக்கிறது. அந்தப் பாறையின் மேற்புறம் காலப்போக்கில் சிதைந்து மண்ணும் பாறைத் துண்டுகளுமான ஓர் அடுக்காகியிருக்கும்; நீர் தேங்குவது அந்தச் சிதைந்த அடுக்கிலும் அதன் கீழேயுள்ள வெடிப்புகளிலும்தான். தரையில் மின்முனைகளை நட்டு, மண்ணின் மின்தடையை அளந்து, அடுக்கு எந்த இடத்தில் தடிமனாக இருக்கிறது என்று நிலவியலாளர் கணிக்கிறார். கணிப்பு தவறுவதும் உண்டு. அப்படி வறண்டு போகும் துளைக்கும் செலவு செலவுதான்.

பாறை சொல்வதோடு ஊர் சொல்வதையும் கேட்க வேண்டும். கழிப்பறைக் குழியிலிருந்து குறைந்தது முப்பது மீட்டராவது தள்ளி, அதுவும் மேட்டுப்பக்கமாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. மலாவியில் இடுகாடுகளை மரங்களை வெட்டாமல் தோப்பாகவே விட்டுவைப்பார்கள். சமவெளியில் தனியாக ஒரு மரக்கூட்டம் தெரிந்தால் அது பெரும்பாலும் இடுகாடுதான். அதன் பக்கத்தில் நல்ல நீர் இருப்பதாகக் கருவி சொன்னாலும் ஊர் ஒப்பாது. தலைவர் தம் வீட்டு வாசலைக் காட்டுவார். அதையும் பணிவாக மறுக்க வேண்டியிருக்கும். ஒருவர் வாசலில் இருக்கும் பம்பு, நாளடைவில் அவருடைய பம்பாகிவிடும்.

எத்தனை அடி போட வேண்டும்? எங்கள் ஊரில் ஆயிரம் அடி போகிறோமே?

அங்கே பெரும்பாலும் 40 முதல் 60 மீட்டர், அதாவது 130 முதல் 200 அடி போதும். சிதைந்த அடுக்கைத் தாண்டி ஆழமாகப் போனால் நீர் கூடும் என்பதற்கு உறுதி இல்லை. நம் ஊரில் ஆயிரம் அடி போக நேர்ந்ததற்குக் காரணம் மோட்டார் வைத்து மேல்நீரை உறிஞ்சித் தீர்த்தது. அந்தக் கட்டத்துக்கு மலாவிக் கிராமங்கள் இன்னும் வரவில்லை.

துளைக்கும் வண்டி வந்து நிற்கும் நாள் ஊருக்கே திருவிழா. கம்ப்ரஸரின் இரைச்சலுக்கு நடுவே முதலில் செம்புழுதி பறக்கும். பிறகு சாம்பல் நிறத் தூள். பிறகு ஒரு நேரத்தில் தூள் ஈரமாகிக் கட்டியாக விழும், அடுத்து சேற்றுநீர் பீச்சியடிக்கும், பெண்கள் குலவையிடுவார்கள். படம் எடுப்பவர்கள் அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கிணற்றின் தரத்தை முடிவு செய்யும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: நீர் வரும் ஆழத்தில் சல்லடைத் துளையிட்ட பிவிசி குழாய் இறக்குவது, அதைச் சுற்றிப் பொடிக்கல் நிரப்புவது, மேல் மீட்டர்களில் அழுக்குநீர் இறங்காதபடி சிமெண்ட் கொண்டு அடைப்பது, நீர் தெளியும் வரை காற்றால் கழுவுவது, பல மணி நேரம் இறைத்துப் பார்த்து நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பது. செலவைக் குறைக்கிறேன் என்று சொல்லும் ஒப்பந்தக்காரர் கை வைப்பது இந்த வேலைகளில்தான். மண்ணுக்குள் போன பிறகு யாரும் பார்க்க முடியாதே.

இந்தக் காலத்தில் போய் அடி பம்பா? மோட்டார் வைத்தால் என்ன?

மின்கம்பி இல்லாத ஊரில், வாரம் ஒரு முறை டவுனுக்குப் போகும் வண்டியை நம்பி வாழும் ஊரில், பழுதானால் உள்ளூரிலேயே சரிசெய்யக்கூடிய இயந்திரம் எதுவோ அதுவே நல்ல இயந்திரம். அங்கே பரவலாக இருப்பது ஆஃப்ரிதேவ் என்னும் அடி பம்பு. 1980களில் மலாவியிலும் கென்யாவிலும் உருவாக்கிச் சோதிக்கப்பட்டது. மலாவியின் லிவுலேசிப் பள்ளத்தாக்கு அந்தச் சோதனைக் களங்களில் ஒன்று. ஏறக்குறைய 45 மீட்டர் ஆழத்திலிருந்து நீர் ஏற்றும். யாரும் காப்புரிமை கோராத வடிவம் என்பதால் எந்தப் பட்டறையும் செய்யலாம். இந்தியாவிலிருந்தும் ஏராளமாகப் போகிறது.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. நம் ஊர்த் தெருக்களில் இன்றும் நிற்கும் இந்தியா மார்க் 2 பம்பு, 1970களில் யுனிசெஃப் துணையுடன் உருவானது. தொடக்க காலத்தில் சென்னையில் இருந்த ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் தயாரானது. 1980களில் கோயம்புத்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் நடந்த நெடிய களச்சோதனையிலிருந்து மார்க் 3 பிறந்தது. உகாண்டாவிலும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்தக் குடும்பத்துப் பம்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மார்க் 2 உறுதியானது. ஆனால் அடியில் உள்ள வாஷரை மாற்ற வேண்டுமென்றால் கனத்த இரும்புக் குழாய்கள் அத்தனையையும் மேலே இழுக்க வேண்டும். ஆஃப்ரிதேவில் குழாய் மண்ணுக்குள்ளேயே இருக்கும். கம்பிகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றி உருவினால் பிஸ்டன் மேலே வந்துவிடும். இரண்டு பெண்கள், ஒரே ஒரு ஸ்பேனர், அரை நாள் போதும்.

சூரிய ஒளி மோட்டார்கள் இப்போது வேகமாகப் பரவுகின்றன. பெரிய ஊர்களுக்கு அவை நல்லவை. ஆனால் கன்ட்ரோலர் பெட்டி எரிந்துபோனால் சரிசெய்யும் ஆள் மாவட்டத் தலைநகரில்கூட இருக்க மாட்டார் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு பம்பு எத்தனை பேருக்குத் தாங்கும்?

மலாவி அரசின் அளவுகோல், 250 பேருக்கு ஒரு பம்பு, அதிலிருந்து 500 மீட்டருக்குள் வீடுகள் என்பது. ஏன் 250 என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பம்பு நொடிக்குக் கால் லிட்டர் தரும் என்றால் நிமிடத்துக்கு 15 லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் வீதம் 250 பேருக்கு 5,000 லிட்டர் வேண்டும். அதற்கு ஓயாமல் அடித்தாலே ஐந்தரை மணி நேரம் ஆகும். வாளி மாற்றும் நேரம், பேச்சு, சண்டை எல்லாம் சேர்த்தால் விடியலிலிருந்து மதியம் தாண்டிவிடும்.

அறுநூறு பேர் அதே பம்பை நம்பியிருக்கும் ஊர்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே இரவு இரண்டு மணிக்கே வாளிகள் வரிசையில் நிற்கும். ஆட்கள் இல்லாமல் வாளிகள் மட்டும். அந்தப் பம்பில் பேரிங்கும் வாஷரும் இரண்டு மடங்கு வேகமாகத் தேயும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பம்பு போட்டுக் கொடுத்தாயிற்று. அதற்கப்புறம் அவர்களே பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

எனக்கு வந்த கேள்விகளில் முதன்மையானது இதுதான்; பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். சகாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளின் அடி பம்புகளில், எந்த ஒரு நாளில் எண்ணிப் பார்த்தாலும், ஏறக்குறைய நான்கில் ஒன்று வேலை செய்யாமல் நிற்கும் என்று ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பழைய, துருப்பிடித்த பம்புகள் என்று எண்ண வேண்டாம். ஓரிரு ஆண்டுகளிலேயே நின்றுபோனவையும் உண்டு.

ஒன்றைக் கிட்டத்திலிருந்து காட்டுகிறேன். ஆஃப்ரிதேவ் பிஸ்டனில் யூ-சீல் என்று ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. உள்ளங்கையில் வைத்தால் ஒரு வளையல் துண்டுபோல் இருக்கும். தேய்மானத்தால் அதை ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும். தேயத் தொடங்கும்போது பம்பு உடனே நின்றுவிடாது. அதே வாளி நிறைய முன்பைவிடக் கூடுதல் முறை கைப்பிடியை அடிக்க வேண்டியிருக்கும், நாளாக ஆக இன்னும் கூடுதலாக. கைப்பிடி கனக்கிறது, தண்ணீர் வர நேரமாகிறது என்று ஊர் முணுமுணுக்கும். நான் போன ஓர் ஊரில் அந்த நிலையிலேயே கைப்பிடியைப் பலம் கொண்டு அடித்து அடித்து, கம்பியின் கொக்கி விட்டுப்போய், பம்பு முழுமையாக நின்றது. ஐந்து மாதம் மக்கள் பழைய குழிக்குப் போனார்கள். சீலின் விலை ஒரு கோழியின் விலையைக்கூட எட்டாது. ஆனால் அது விற்கும் கடை நாற்பது கிலோமீட்டர் தொலைவில். பணம் வைத்திருந்த பொருளாளர் வேலை தேடித் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டார். புதுப் பொருளாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தை யார் கூட்டுவது என்பதில் இரண்டு பிரிவுகளுக்குள் பேச்சு இல்லை. இதில் எதை "பழுது" என்று எழுதுவது?

ஆகவே ஒவ்வொரு பம்புக்கும் ஒரு நீர்க்குழு இருக்கும். பத்துப் பேர் அளவில், அவர்களில் பாதியாவது பெண்கள். உதிரிபாகமும் கருவியும் வைத்துள்ள வட்டார மெக்கானிக் ஒருவர், பெரிய பழுதுக்குக் கூலி பேசி வந்து செய்வார். சோளம் அறுவடையாகும் ஏப்ரல், மே மாதங்களில்தான் கையில் காசு புழங்கும் என்பதால், ஆண்டுச் சந்தாவை அப்போதே வாங்கிவிடும் குழுக்கள் தாக்குப்பிடிக்கின்றன. பழுதான பிறகு வசூல் செய்யலாம் என்று இருப்பவை பசி மாதங்களான ஜனவரி, பிப்ரவரியில் மாட்டிக்கொள்கின்றன.

குழுவில் பெண்களை வைப்பது வெறும் ஒப்புக்குத்தானே?

சில ஊர்களில் ஒப்புக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் நடு மலாவியில் இதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. செவா மக்களிடம் நிலமும் வம்சமும் தாய்வழியில் வருபவை. பழைய வழக்கப்படி மணமான ஆண் மனைவியின் ஊருக்குக் குடிபோகிறார். மணமுறிவு ஏற்பட்டால் அவர்தான் ஊரைவிட்டுப் போவார். பம்பைக் கழற்றி மாட்ட ஓர் ஆணுக்குக் கற்றுக்கொடுத்தால், அந்த அறிவு அவருடனேயே வேறு ஊருக்குப் போய்விடலாம். பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தால் ஊரிலேயே நிற்கும். தவிர, கைப்பிடி கனப்பது முதலில் தெரிவது யாருக்கு? அடிப்பவருக்குத்தான்.

ஏழைகளிடம் தண்ணீருக்குக் காசு வாங்குவது பாவம் இல்லையா?

2010ஆம் ஆண்டு சூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை குடிநீரை மனித உரிமையாக ஏற்றுக்கொண்டது. உரிமை என்பதன் பொருள், யாராலும் கொடுக்க முடியாத விலையாக அது இருக்கக் கூடாது என்பதே. மேலே சொன்ன ரப்பர் வளையத்தை யாரேனும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அரசு கொடுக்குமானால் நல்லது. கொடுக்காத இடத்தில் வசூல் இல்லாமல் இருப்பது ஏழைக்குச் செய்யும் உதவியாகாது, அவரைப் பழைய குழிக்குத் திருப்பி அனுப்புவதே ஆகும். முதியவர்களுக்கும் ஆதரவற்ற வீடுகளுக்கும் சந்தா வேண்டாம் என்று பல குழுக்கள் தாங்களாகவே விலக்கு அளிக்கின்றன.

எனினும் எல்லாச் சுமையையும் ஊரின் தலையில் வைத்துவிட்டு "மக்கள் பங்கேற்பு" என்று பெயரிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நகரத்தில் குழாய் உடைந்தால் யாரும் நம்மை ஸ்பேனர் எடுத்து வரச் சொல்வதில்லை. கென்யாவின் கிட்டுயி பகுதியில் வேறு வழியைச் சோதித்தார்கள்: பம்பின் கைப்பிடியில் ஒரு சிறு கருவி பொருத்தி, அசைவு நின்றால் செல்பேசி வழியாகச் செய்தி வரும்படி செய்து, மாதச் சந்தாவுக்கு ஈடாக ஒரு பராமரிப்புக் குழு உடனே வந்து சரிசெய்யும் ஏற்பாடு. ஏறக்குறைய ஒரு மாதமாக இருந்த பழுதுக்காலம் மூன்று நாளுக்குள் வந்தது. வண்டிக்குக் காப்பீடு கட்டுவதைப் போன்றது இது. எதிர்காலம் இந்தப் பக்கம்தான் என்பது என் எண்ணம்.

பம்புத் தண்ணீர் சுத்தம் என்கிறீர்கள். பிறகு ஏன் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை?

பம்பின் வாயில் சுத்தமாக இருந்த தண்ணீர், குழந்தையின் வாய்க்குப் போகும்போது அப்படி இருப்பதில்லை. வாளி, தலைச்சுமையில் தளும்பாமலிருக்க மிதக்கவிடும் இலைக்கொத்து, வீட்டுப் பானை, பானைக்குள் கைவிட்டு மொள்ளும் குவளை என ஒவ்வொரு படியிலும் அழுக்கு சேர்கிறது. மேற்குக் கென்யாவின் புசியா பகுதியில், பிற்பாடு பொருளாதார நோபல் பெற்ற மைக்கேல் கிரெமரும் அவருடைய கூட்டாளிகளும் செய்த ஆய்வு இதை அளந்து காட்டியது: ஊற்றுகளைக் கட்டிப் பாதுகாத்ததும் ஊற்றில் மாசு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது, வீட்டுப் பானையில் கால் பங்கு அளவே குறைந்தது.

இதற்குக் குளோரின் போடுவது எளிய வழி. கென்யா, உகாண்டா, மலாவி நாடுகளில் பல நீர்நிலைகளின் பக்கத்திலேயே ஒரு குளோரின் பெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு திருகு திருகினால் இருபது லிட்டருக்கு வேண்டிய அளவு மட்டும் வாளியில் விழும். வீடு போய்ச் சேருவதற்குள் அது தன் வேலையை முடித்துவிடும். பானைக்குள் கை பட்டாலும் அடுத்த சில மணி நேரம் காக்கும். இதில் தடையாக நிற்பது வாடைதான். "மருந்து நாறுகிறது" என்று சொல்லும் பாட்டிமார் அங்கேயும் உண்டு.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னால் போதாதா?

நன்றாகக் கொப்புளித்துக் கொதிக்கும் நீர் ஒரு நிமிடத்தில் பாதுகாப்பாகிவிடும், அறிவியலில் குறையில்லை. விறகில்தான் குறை. தண்ணீருக்கு நடக்கும் அதே பெண்தான் விறகுக்கும் நடக்கிறாள். அந்த விறகு இரவு உணவான என்சிமா என்னும் சோளக் களிக்கே போதாமலிருக்கும். தெளிந்த நீரை ஒளிபுகும் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி ஆறு மணி நேரம் கடும் வெயிலில் வைத்தாலும் கிருமிகள் சாகும். மேகமூட்டமானால் இரண்டு நாள் வைக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு எத்தனை பாட்டில் வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் இது ஏன் பரவவில்லை என்பது விளங்கும்.

2022இல் காலரா வந்ததே, அத்தனை பம்புகள் இருந்தும்?

2022 மார்ச்சில் தொடங்கி அடுத்த ஆண்டு வரை நீடித்த அந்தக் காலரா, மலாவியின் வரலாற்றிலேயே மிகக் கொடியது. ஏறக்குறைய 59,000 பேருக்கு நோய் கண்டது. 1,700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குச் சற்று முன்பு ஒன்றும் அதன் நடுவில் ஒன்றுமாக இரண்டு புயல்கள், 2022 சனவரியில் ஆனா, 2023 மார்ச்சில் ஃப்ரெடி, தெற்கு மாவட்டங்களை மூழ்கடித்தன. வெள்ளம் கழிப்பறைக் குழிகளைக் கிளறி நீர்நிலைகளில் கலந்தது. பம்புகள் சேற்றில் புதைந்தன. முன்பு சொன்ன சிமெண்ட் அடைப்பு ஒழுங்காக இருந்த கிணறுகளைக் கழுவிக் குளோரின் போட்டு மீண்டும் பயன்படுத்த முடியும்; அது இல்லாதவற்றில் வெள்ளநீர் குழாயின் ஓரமாகவே உள்ளே இறங்கிவிடும்.

ஆழத்திலிருந்து வரும் நீரில் வேறு ஆபத்து உண்டா?

உண்டு, அது கிருமியைவிட வஞ்சகமானது. கிழக்கு ஆப்பிரிக்கப் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கை ஒட்டிய எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் நெடுநாள் குடித்தால் பல்லில் கறை படியும். மிக அதிகமானால் எலும்பு வளையும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மலாவியின் தென்கோடியில், ஷிரே ஆற்றின் கீழ்ப்பள்ளத்தாக்கில், சில இடங்களில் நீர் உப்பாகவே வரும்.

குளோரினோ கொதிக்க வைப்பதோ இதற்கு உதவாது. துளை போட்டவுடன், பம்பு மாட்டுவதற்கு முன்பே, ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். வங்காளதேசத்தில் கிருமிக்கு அஞ்சி இலட்சக்கணக்கில் குழாய்க்கிணறு போட்டார்கள்; ஆர்செனிக் இருக்கிறதா என்று சோதிக்காமல் விட்டதன் விளைவை 1990களில்தான் கண்டார்கள்.

நரம்புச்சிலந்தி என்று எங்கள் தாத்தா சொல்வார். அது இன்னும் ஆப்பிரிக்காவில் இருக்கிறதா?

மறைந்துபோகும் கட்டத்தில் இருக்கிறது. நீரில் உள்ள நுண்பூச்சியை விழுங்குவதால் உடலுக்குள் வளர்ந்து, ஓர் ஆண்டு கழித்துக் காலைத் துளைத்து வெளியே வரும் புழு அது. 1986இல் உலகில் 35 இலட்சம் பேருக்கு இருந்தது. 2023இல் மனிதர்களிடம் 14 பேருக்கு மட்டும். சாட், தெற்கு சூடான் போன்ற சில நாடுகளில் எஞ்சியிருக்கிறது, மலாவியில் இல்லை. இந்தியா 2000ஆம் ஆண்டில் விடுபட்டதாகச் சான்று பெற்றது. தடுப்பூசியும் இல்லாமல் மருந்தும் இல்லாமல், துணியால் வடிகட்டுவதையும் புண்ணோடு குளத்தில் இறங்காமலிருப்பதையும் சொல்லிச் சொல்லியே இதைச் சாதித்தார்கள்.

குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் ஏறும் பம்பு ஒன்று பார்த்தேன். அதைக் கொடுக்கலாமா?

பிளேபம்ப் என்னும் அந்தத் தென்னாப்பிரிக்கக் கருவிக்கு 2006இல் அமெரிக்காவில் பெரும் வரவேற்பு. ஒரு கோடி டாலருக்கும் மேல் நிதி அறிவிக்கப்பட்டது. அது சொன்ன அளவு மக்களுக்குத் தண்ணீர் தர வேண்டுமானால் குழந்தைகள் நாளொன்றுக்கு 27 மணி நேரம் சுற்ற வேண்டியிருக்கும் என்று 2009இல் பிரிட்டிஷ் நாளிதழ் ஒன்று கணக்குப் போட்டுக் காட்டியது. பள்ளி விட்டுக் குழந்தைகள் போன பிறகு அந்த ராட்டினத்தைத் தள்ளியவர்கள் நடுவயதுப் பெண்கள். நல்லெண்ணத்தைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. அடி பம்பின் கைப்பிடி அந்தப் பெண்ணின் உயரத்துக்கும் கைவலுவுக்கும் ஏற்ப அமைந்தது. ராட்டினம் படம் எடுப்பவருக்கு ஏற்ப அமைந்தது.

எங்கள் சங்கத்தின் சார்பில் ஒரு கிணறு கொடுக்க நினைக்கிறோம். என்ன கேட்க வேண்டும், எவ்வளவு ஆகும்?

நிலத்தையும் தொலைவையும் பொறுத்துப் பல ஆயிரம் டாலர் ஆகும். மிகக் குறைந்த விலை சொல்பவரிடம், மண்ணுக்குள் மறையும் வேலைகளைப் பற்றி மேலே எழுதியதை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வறண்ட துளைக்கான செலவு யாருடையது? நீர்ச்சோதனை முடிவைக் காட்டுவீர்களா? மாவட்ட நீர்வளத் துறை அலுவலகத்துக்குத் தெரியுமா? ஐந்தாம் ஆண்டில் யாரேனும் போய்ப் பார்ப்பார்களா? இவற்றுக்குத் தடுமாறினால் விலகிவிடுங்கள்.

புதுக் கிணறுதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால், அதே தொகையில் நின்றுபோன பத்துப் பம்புகளை உயிர்ப்பிக்கலாம். உதிரிபாகக் கடை இல்லாத ஊர்ச்சந்தையில் ஒரு கடை வைக்க முதல் கொடுக்கலாம். அதற்குத் திறப்பு விழாவும் புகைப்படமும் வாய்க்காது என்பதால் இந்த யோசனையைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் அமைதியாகிவிட்டார்கள்; ஒரு சங்கம் மட்டும் ஒப்புக்கொண்டது.

கிணற்று மேடையில் எங்கள் பெயரைப் பொறிக்கலாமா?

வேண்டாமே என்பது என் வேண்டுகோள். சிமெண்ட் ஈரமாக இருக்கும்போது எழுத இடம் ஓரளவுதான் உண்டு. அதில் துளைத்த தேதி, மொத்த ஆழம், நீர்மட்டம் எத்தனை மீட்டரில் நிற்கிறது, எத்தனை கம்பி இறக்கியிருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். காகிதங்கள் அலுவலகத்தில் தொலைந்துவிடும். பத்து ஆண்டு கழித்து சைக்கிளில் வரும் வட்டார மெக்கானிக், பம்பின் தலையைக் கழற்றுவதற்கு முன் குனிந்து தேடுவது அந்த நான்கு எண்களைத்தான்.